ஒன்பதாம் எண் விடைகள்

"ஐயா, கையெழுத்துப் போடுங்க."

சொல்லிவிட்டேன். பேராசிரியர் சென்னப்பன் காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன கையைப் பாதியில் நிறுத்தினார். உள்ளே மிக்ஸியைப் போட்டிருந்த அவர் மனைவி அதை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

ஆய்வு வழிகாட்டியிடம் கையெழுத்தைக் கேட்கவே கூடாது என்பது எங்கள் துறையில் எழுதி வைக்காத சட்டம். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் சகாயமேரி அக்கா. இதே பேராசிரியரிடம் ஆய்வு செய்து எனக்கு முன்னால் பட்டம் வாங்கி வெளியேறியவர்.

"போய் நில்லு. அவரு கண்ணுல படற மாதிரி நில்லு. தென்னைக்குத் தண்ணி ஊத்தச் சொன்னா ஊத்து. ரேஷன் கடையில நிக்கச் சொன்னா நில்லு. ஆனா வாயத் தொறந்து கையெழுத்துன்னு மட்டும் கேட்டுராத இசபெல்லா. கேட்டவங்க யாரும் வாங்கினதில்ல."

ஒரு வருடத்தில் முடிய வேண்டிய எம்.ஃபில். பட்டத்தைச் சகாயமேரி அக்கா மூன்று மாம்பழ சீசன் பேராசிரியர் வீட்டுக்குக் கூடை கூடையாய்ச் சுமந்துதான் வாங்கினார். நான் சுமக்கவில்லை. எங்கள் வீட்டில் மாமரம் இல்லை. பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுக்க மறுநாள் திங்கட்கிழமை கடைசி நாள். அதனால்தான் ஞாயிறு பூசைக்குக்கூடப் போகாமல், விடிந்ததும் பஸ் பிடித்துத் தருமபுரியில் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றேன்.

அந்த வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரும்புக் கேட்டின் ஒரு கதவில் ஆலிவ் இலையோடு வெள்ளைப் புறா வரைந்திருக்கும். மறு கதவில் 'நாய் ஜாக்கிரதை' என்று எழுதியிருக்கும். பேராசிரியர் ஸ்வீடனுக்குப் போய் மூன்று மாதம் சமாதான உளவியல் படித்துவிட்டு வந்தவர். அதற்கு முன்பு அவர் தமிழ்ப் பேராசிரியர் மட்டும்தான். வந்தபின் மனிதன் ஏன் சண்டை போடுகிறான், கதை படித்தால் அந்தச் சண்டைக்குணம் குறையுமா என்று ஆராயத் தொடங்கினார். துறையில் யாராவது குரலை உயர்த்தினால், "மூச்சை இழு, நாலு எண்ணு, விடு" என்பார். உயர்த்தியவர் எண்ணி முடிப்பதற்குள் அவர் சொன்னது முடிவாகியிருக்கும்.

டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ கேட்டது தப்பில்லம்மா. கேட்ட விதத்துல ஒரு ஆக்ரோஷம் இருக்கு. மூச்சை இழு."

"பத்தே காலுக்கு பஸ்ஸுங்க ஐயா."

"நாலு எண்ணு."

எண்ணவில்லை. கறுப்பு ராக்சின் அட்டை போட்ட நான்கு பிரதிகளை அவர் முன்னால் இருந்த மேசையில் வைத்தேன். பக்கத்தில் அரிசிப் பையில் கட்டி வந்த இருநூற்று நாற்பது விடைத்தாள்களையும் வைத்தேன். சந்தேகம் வந்தால் அங்கேயே பிரித்துக் காட்டலாமே என்றுதான் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

அவர் பையைத் தொடவில்லை. ஆய்வேட்டில் ஏழாம் அட்டவணை இருக்கும் பக்கத்தைத் தேடாமலே திறந்தார். போன வாரம் நான் கொடுத்த கைப்பிரதியில் அந்த இடத்தில்தான் அடையாளம் வைத்திருந்தார்.

"இத நீ மாத்தவே இல்லையே."

மாற்றவில்லை. எதை என்று சொல்கிறேன்.

போர்க்கதைகள் மக்களிடம் சமாதான மனப்பான்மையை வளர்க்கின்றனவா என்பது என் ஆய்வு. தலைப்பும் அவர் கொடுத்தது, கதையும் அவர் எழுதியது. கதை இதுதான். அறிவழகன் என்று ஒரு சிப்பாய். பனி மலையில் காவல். எதிரி கிராமத்தின் தானியக் கிடங்கைக் கொளுத்தச் சொல்லி மேலதிகாரி உத்தரவு போடுகிறார். உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்கிறது. அறிவழகன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுகிறான். 'தவறான உத்தரவுக்குக் கீழ்ப்படிவதைவிடச் சிறையே மேல்' என்கிறான். விலங்கு மாட்டுகிறார்கள். புன்னகைக்கிறான். பனி பெய்கிறது. முற்றும்.

இதை ஊர் மக்களுக்குப் படித்துக் காட்டி, அறிவழகன் செய்தது சரியா, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று பன்னிரண்டு கேள்வி கேட்க வேண்டும். விடைக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் போட வேண்டும். ஒன்று என்றால் சண்டைக்காரன். ஐந்து என்றால் சமாதானப் பிரியன். எதிலும் சேராத பேச்சுக்கு ஒன்பது. 'பொருத்தமற்ற விடை' என்று அதற்குப் பெயர்.

முதலில் அதியமான்கோட்டைக்கு மேற்கே ஒரு கிராமத்துக்குப் போனேன். கையில் சைக்ளோஸ்டைல் எடுத்த கேள்வித்தாளும் அட்டையும் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து, 'மேலதிகாரி உத்தரவு போட்டால் என்ன செய்வீர்கள்' என்று கேட்டால் அந்த ஊரில் என்ன நினைப்பார்கள்? பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். அரை மணி நேரத்தில் பள்ளிக்கூடத்து முன்னால் வரிசை கட்டிவிட்டது. பையன்கள் சட்டையைக் கழற்றிவிட்டு மார்பை விரித்து நின்றார்கள்.

"ஓட்டம் எப்பங்க?"

"ஒசரம் எங்க அளப்பீங்க? எம்மவன் கொஞ்சம் கூன் போட்டு நிக்கறான், அளக்கறப்ப நிமுந்துக்குவான்."

உத்தரவு தவறு என்று தெரிந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "உத்தரவுன்னா உத்தரவுதாங்க!" என்று ஒருவன் விறைப்பாகச் சொன்னான். பின்னால் நின்ற அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். சமாதானத்தை அளக்கப் போன இடத்தில் ஒரு பட்டாளமே திரண்டு நின்றது. ஆள் எடுக்க வரவில்லை என்று நான் சொன்னதும் வந்த கோபத்துக்கு அளவுகோலே கிடையாது.

"அப்புறம் எதுக்குங்க வெயில்ல சட்டையக் கழட்ட வெச்சீங்க?"

"நான் கழட்டச் சொல்லலீங்களே."

"கழட்டறப்ப பாத்துக்கிட்டு நின்னீங்கள்ல?"

ஆனால் வேலை கிடையாது என்று தெரிந்த பிறகுதான் அவர்கள் கதையைக் கதையாகக் கேட்டார்கள். மறுபடி படித்தேன். ஒருவர் விடாமல் கேள்வி கேட்டார்கள்.

"கெடங்குல இருந்தது என்ன தானியம்? கேவுரா, நெல்லா?"

"எரிக்கல, சரி. அப்புறம் அத யாரு அள்ளிக்கிட்டுப் போனது?"

"ஜெயில்ல இருக்கறப்ப சம்பளம் உண்டுங்களா?"

"அவன் பொண்டாட்டி புள்ளைங்களுக்குச் சோறு யாரு போடறது? அது ஏன் கதையில வரல?"

எல்லாம் ஒன்பது.

அடுத்தது எங்கள் ஊர். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், மாதா கோயிலைச் சுற்றி வீடுகள். நான் போனது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். 'பிறர் மேல் பகை உணர்வு உண்டா' என்ற கேள்வியைக் கேட்டதும் செபாஸ்டின் சித்தப்பா முகம் வெளுத்து, குரலைத் தாழ்த்தி, தம்பி நிலத்துப் பக்கம் வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்ட கதையைச் சொன்னார். பாவங்களைக் கேட்டு மன்னிக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆள் போதாமல் கோயில் சாமியார்தான் என்னை அனுப்பியிருக்கிறார் என்று அவருக்கு எண்ணம். அவரைப் பார்த்து நாற்பது பேர் பாவங்களைச் சொன்னார்கள். முடிந்ததும், "பரிகாரம் என்னம்மா?" என்று கேட்டார்கள். பரிகாரம் இல்லை, கதைதான் என்று அறிவழகனைப் படித்துக் காட்டினேன். அவர்களும் அதையேதான் கேட்டார்கள். சோறு யாரு போடறது?

இருநூற்று நாற்பது பேரில் நூற்று எண்பத்தேழு பேர் ஒன்பது. அதுதான் ஏழாம் அட்டவணை.

எனக்கு முதலில் பயமாக இருந்தது. ஆய்வு கெட்டது என்று நினைத்தேன். பிறகு கல்லூரி நூலகத்துக்குப் போய், ஆய்வுக்காக நான் படித்த முப்பத்தாறு போர்க்கதைகளை மறுபடி புரட்டினேன். எல்லாவற்றிலும் மனசாட்சி உறுத்துகிறது. எல்லாவற்றிலும் ரத்தம் உறைகிறது. முப்பத்தாறில் ஒரு சிப்பாய்கூட வீட்டுக்கு மணியார்டர் அனுப்பவில்லை. எந்தக் கதையிலும் யார் எதனால் பட்டாளத்தில் சேர்ந்தார்கள் என்பதே இல்லை. வானத்திலிருந்து சீருடையோடு விழுந்தவர்கள் போல இருந்தார்கள். நான் ஒன்பது போட்ட ஆட்கள் கதைக்கு வெளியே பேசவில்லை. கதை விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். அதைத்தான் நான்காம் இயலாக எழுதினேன். அறுபது பக்கம்.

"நாலாம் இயல் நல்லாத்தான் எழுதியிருக்க," என்றார் பேராசிரியர். "ஆனா தேவையில்ல. அத எடுத்துட்டு ஏழாம் அட்டவணையில ஒன்பத நாலாக்கிரு. டைப்பிஸ்ட் ரெண்டு மணி நேரத்துல அடிச்சுக் குடுத்துருவான். நான் சொன்னேன்னு சொல்லு. சாயங்காலம் வா, கையெழுத்து ரெடி."

"அவங்க நாலு சொல்லலீங்க ஐயா."

"அவங்களுக்குச் சொல்லத் தெரியலம்மா. மனசுல இருந்தது நாலுதான். மனசப் படிக்கறதுதான நம்ம வேல?"

ஆகஸ்டில் அவருக்கு ஸ்வீடனில் கருத்தரங்கு. இந்தியக் கிராமத்து ஏழைகள் ஒரே ஒரு கதையைக் கேட்டுச் சமாதான வழிக்கு வந்தார்கள் என்று கட்டுரை. அந்தக் கட்டுரை என் ஏழாம் அட்டவணையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அரிசிப் பையைப் பிரித்து ஒரு தாளை எடுத்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. மேலாகவே வைத்திருந்தேன்.

"இவங்க பேரு தீர்த்தம்மாள்ங்க. அந்த அதியமான்கோட்டைப் பக்கத்து ஊரு. இவங்க மவன் மாது பட்டாளத்துல இருக்கான். இப்ப இலங்கைக்கு அனுப்பியிருக்காங்க. நாலு மாசமா லெட்டர் இல்ல. இவங்க சொன்னதப் படிக்கட்டுங்களா?"

"எதுக்கும்மா தனித்தனியா..."

படித்தேன். அந்தம்மா வீட்டு முன்னால் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டே சொன்னது. நான் நிறுத்தாமல் எழுதியிருந்தேன்.

"'எரிக்காதடா, துப்பாக்கியக் கீழ வெச்சுட்டு வூட்டுக்கு வந்துருடா, பாத்துக்கலாம்னு சொல்ற தெம்பு எனக்கு இருந்தா எம்மவன் எரிக்க மாட்டான் கண்ணு. எனக்கு அது இல்லைன்னு அவனுக்குத் தெரியும். மழையில்லாம மூணு வருசம் கெடந்தப்ப பாத்துட்டுத்தான் போனான். அங்க எவ வூட்டையாச்சும் எரிச்சான்னா எங்க வூட்டு அடுப்பு எரியறதுக்குத்தான் எரிப்பான். உங்க கதையில அவன் சிரிச்சுக்கிட்டே ஜெயிலுக்குப் போறான். அவனுக்கு ஆத்தா இல்லையா?'"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு நிமிடம் ஏதோ நடந்துவிடும் என்று நானும் நினைத்தேன்.

"உருக்கமா இருக்கு," என்றார். "இதையே நாலா எடுத்துக்கலாமே. போர் வேண்டாங்கறாங்க, அவ்வளவுதான?"

"இல்லீங்க. போர் வேண்டாம்னு சொல்ல வசதியில்லைங்கறாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அதுக்கு நடுவுலதாங்க ஐயா பட்டாளமே இருக்கு."

அன்றைக்கு நான் எழுதி முடித்தபோது தீர்த்தம்மாள் புளி ஒட்டிய கையால் தாளைத் தொட்டுப் பார்த்தார். படிக்கத் தெரியாது. "நான் சொன்னதத்தான போட்டிருக்க? மாத்திக் கீத்திப் போட்ராத. எம்மவன் பேரு அதுல இருக்குது" என்றார். மாத்த மாட்டேன் ஆத்தா என்று சொல்லிவிட்டு வந்தேன். தாளின் ஓரத்தில் அந்தப் புளிக்கறை இன்னும் இருக்கிறது.

இதைப் பேராசிரியரிடம் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தது ஆய்வு முறைப்படி தவறு என்பார்.

அவர் குரல் மாறியது. சமாதானக் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் உண்டு என்று துறையில் எல்லோருக்கும் தெரியும்.

"பாரும்மா. ஒரு துறைன்னா ஒழுங்கு வேணும். வழிகாட்டி சொன்னா மாணவர் செய்யணும். ஆளாளுக்கு யோசிக்க ஆரம்பிச்சா எதுவும் நடக்காது. இத நீ உத்தரவுன்னே வெச்சுக்க."

"தப்பான உத்தரவுங்க ஐயா."

"அது சரியா தப்பான்னு பாக்கறது உன் வேல இல்ல."

"உங்க கதையில அறிவழகன் பாத்தானுங்களே?"

"அது கதைம்மா!"

கத்திவிட்டார். உள்ளே மிக்ஸி மறுபடி நின்றது. வெளியே நாய் குரைத்தது. மூச்சை இழுங்கள் ஐயா என்று நுனிநாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. எனக்குக்கூட அடக்கம் உண்டு.

அவரே இழுத்தார். நாலு எண்ணினாரா தெரியவில்லை. பேனாவை எடுத்து மூடியைத் திறந்து, முதல் பிரதியில் சான்றிதழ்ப் பக்கத்தைப் புரட்டி வைத்தார். 'இவ்வாய்வேடு மாணவியின் சொந்த உழைப்பால் நேர்மையாகச் செய்யப்பட்டது' என்ற வரிக்குக் கீழே அவர் பெயர், அதற்கு மேலே வெற்றிடம். பேனா முனை அந்த வெற்றிடத்துக்கு மேல் அரை அங்குலத்தில் நின்றது.

"உன் நல்லதுக்குச் சொல்றேன். ஜூன்ல கன்னியர் கல்லூரியில உனக்கு வேல சொல்லி வெச்சிருக்கேன். எம்.ஃபில். இல்லாம எடுக்க மாட்டாங்க. உங்க பரம்பரையிலேயே நீதான் மொதல்ல காலேஜ் வாசல் மிதிச்சவ. அப்பன் அரை ஏக்கர் மானாவாரி. வீராப்பாப் பேசிட்டுப் போயிட்டா அப்புறம் உனக்குச் சோறு யாரு போடறது? அத யோசிச்சியா?"

நான் அவரையே பார்த்தேன். தான் என்ன கேட்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை. பேனாவை அப்படியே பிடித்தபடி என் பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஐயா, இது ஒன்பதுங்க."

"என்னது?"

"பொருத்தமற்ற விடை. தப்பான உத்தரவுக்குக் கீழ்ப்படியலாமான்னு பேசிக்கிட்டிருக்கோம். நீங்க சோறு யாரு போடறதுன்னு கேக்கறீங்க. நூத்தி எண்பத்தெட்டாவது ஆளுங்க நீங்க."

பேனா மேசைக்கு இறங்கியது. அவர் முகத்தில் எந்த எண்ணும் போட முடியாத ஒரு பார்வை.

உண்மையில் அவர் கேட்டது நல்ல கேள்வி. அதை நான் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அறிவழகன் செய்யாத வேலையை நான் சனிக்கிழமையே செய்திருந்தேன். வீட்டில் போய்க் கேட்டேன்.

அப்பா யாகப்பன் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். அம்மா இன்னாசியம்மாள் சொத்தையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நடுவில் உட்கார்ந்து சொன்னேன். "நாளைக்குக் கைடுகிட்டப் போறேன். கையெழுத்துக் கேப்பேன். போட்டா நல்லது. அந்தத் தீர்த்தம்மாள் சொன்னத மாத்தினாத்தான் போடுவேம்பாரு. மாத்த மாட்டேன். அப்ப ஜூன்ல வேல கெடைக்காது. வேற கைடு பாத்து முடிக்க இன்னும் ஒரு வருசமாகும். அதுவரைக்கும் எனக்குச் சோறு போட முடியுமா, முடியாதா? முடியாதுன்னா இப்பவே சொல்லுங்க, மாத்தி எழுதிடறேன்."

கடைசி வாக்கியத்தை வீம்புக்குச் சொல்லவில்லை. முடியாது என்றிருந்தால் மாற்றி எழுதியிருப்பேன். தீர்த்தம்மாள் முகத்தை நினைத்துக்கொண்டே எழுதியிருப்பேன்.

அப்பா இன்னும் இரண்டு கடலையை உடைத்தார். "உங்கம்மாவக் கேளு" என்றார். அவர் பெரிய முடிவுகளை எடுப்பது இப்படித்தான்.

அம்மா திட்டினார். "வாயி காது வரைக்கும் வெச்சிருக்க. இந்த வாய வெச்சுக்கிட்டு எவன் ஊட்டுல பொழப்ப போற? எல்லாரும் கூடை சுமந்து வாங்கறாளுங்க, இவ சட்டம் பேசறா." ஒரு சொத்தைக் கடலையை எடுத்து வாசலில் வீசினார். பிறகு, அதே குரலில், இறக்காமல் சொன்னார். "மாங்கா மண்டியில தரம் பிரிக்க ஆளு கேட்டாங்க. நான் நாளையில இருந்து போறேன். நீயும் வந்துரு. சும்மா ஒக்காந்துக்கிட்டுத் தின்னலாம்னு நெனைக்காத."

அவ்வளவுதான் நடந்தது. பனி பெய்யவில்லை.

நான்கு பிரதிகளையும் அடுக்கிக் கையில் எடுத்தேன். தீர்த்தம்மாள் தாளை மேலாக வைத்து அரிசிப் பையின் வாயைக் கட்டினேன்.

"அந்தத் தாளெல்லாம் ஆய்வுத்திட்டத்தோட சொத்து," என்றார் பேராசிரியர். "வெச்சுட்டுப் போ."

"சைக்ளோஸ்டைல் எடுத்தது என் கைக்காசுங்க. உங்க கதைய மட்டும் வேணும்னா எடுத்துக் குடுத்துடறேன்."

"இசபெல்லா, இந்த வாசலத் தாண்டினா மறுபடி வந்து நின்னாலும் கையெழுத்துக் கெடைக்காது."

"சரிங்க ஐயா."

"கோவத்துல முடிவெடுக்காத. உக்காரு. மூச்சை இழு."

கோபம் இருந்தது. எனக்கு எப்போதும் இருக்கும். ஆனால் முடிவை எடுத்தது அது இல்லை. முடிவு சனிக்கிழமை மத்தியானம் கடலைத் தொலிக்கு நடுவில் எடுத்தது. அதில் மூன்று பேர் பங்கு இருந்தது. அதை அவருக்கு விளக்க இன்னொரு இயல் வேண்டும்.

செருப்பை மாட்டிக்கொண்டு புறா இருந்த பக்கத்துக் கதவைத் தள்ளினேன். நாய் சங்கிலி முடியும் மட்டும் ஓடி வந்து குரைத்தது. பையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன். பத்தே கால் பஸ்ஸைப் பிடித்தால், மண்டியில் இரண்டு மணிக்கு லோடு இறக்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.